ஆர்டர் இருந்தால் நேரமில்லை, ஆர்டர் இல்லாவிட்டால் மனசு வரவில்லை: மார்க்கெட்டிங்கை எப்போதுதான் செய்வது?

மரப்பட்டறை | திங்கள், இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். நான் மரச்சாமான் செய்கிறவன். அலமாரி, மேசை, புத்தக அடுக்கு என்று அளவு சொன்னால் செய்து கொடுப்பேன். பட்டறையில் நானும் கூட ஒரு தம்பியும்தான். தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது.

வேலையில் குறை சொல்லி யாரும் திரும்பி வந்ததில்லை. வேலை வருகிற விதம்தான் தூங்கவிட மாட்டேன் என்கிறது. இரண்டு மாதம் மூச்சுவிட நேரமிருக்காது. அப்புறம் திடீரென்று போன் அடிப்பதே நின்றுவிடும். மறுபடியும் ஓட்டம், மறுபடியும் அமைதி. பதினோரு வருஷமும் இப்படியேதான்.

மார்க்கெட்டிங் செய், படம் போடு, நாலு பேருக்குத் தெரியப்படுத்து என்று வீட்டிலும் நண்பர்களும் சொல்லாத நாளில்லை. சொல்வது சரிதான். ஆனால் இரவு ஒன்பது மணிக்குக் கை கழுவிவிட்டு உட்காரும்போது, போனில் ஒரு வரி எழுதக்கூட மண்டை ஓடுவதில்லை. போன மாதம் முடித்த புத்தக அடுக்குக்கு மட்டும் நாற்பது படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றைக்கூட எங்கும் போடவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒன்பது நாள் கையில் ஆர்டரே இல்லை. அப்போதும் இதைச் செய்யவில்லை. உளிகளைத் தீட்டினேன், பலகைகளை அளவு வாரியாக அடுக்கினேன், பட்டறையைப் பெருக்கினேன்.

தனியாகத் தொழில் நடத்துகிறவர்கள் இதற்கு எப்படி நேரம் ஒதுக்குகிறீர்கள்? உண்மையாகச் செய்கிறவர்கள் சொல்லுங்கள்.

---

ஊசிநூல் | திங்கள், இரவு 11:15

தம்பி, உங்கள் பதிவிலேயே பதில் இருக்கிறது. அந்த ஒன்பது நாள். நேரம்தான் பிரச்சினை என்றால் அந்த ஒன்பது நாளில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

நானும் தையல் கடையை ஒற்றை ஆளாக நடத்துகிறவள்தான். எனக்கும் இது நடந்தது. அமைதியான வாரத்தில் நூல்கண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்குவேன். ஏன் தெரியுமா? அதற்கு ஒரு முடிவு இருக்கிறது. அடுக்கி முடித்தால் முடிந்தது, கண்ணால் பார்க்கலாம். மார்க்கெட்டிங்குக்கு எங்கே தொடக்கம், எங்கே முடிவு?

சுவரில் ஒரு பலகை வைத்திருக்கிறேன், செய்ய வேண்டிய வேலையெல்லாம் அதில் எழுதுவேன். இரண்டு வருஷமாக அதில் "மார்க்கெட்டிங்" என்று ஒரே ஒரு சொல் இருந்தது. மற்ற வரிகள் எல்லாம் அழிந்து அழிந்து புதிதாக வந்தன, அது மட்டும் அப்படியே நின்றது. ஒருநாள் அதை அழித்துவிட்டு, "செவ்வாயன்று கொடுத்த நீலக் கவுனின் படத்தை, கழுத்து மாதிரி கேட்டுப் போன மூன்று பேருக்கு அனுப்ப வேண்டும்" என்று எழுதினேன். அன்றைக்கே முடிந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"அலமாரி செய்" என்று மட்டும் யாராவது சொன்னால் நீங்கள் மரத்தை அறுப்பீர்களா? அகலம், உயரம், எத்தனை தட்டு, கதவு உண்டா என்று கேட்ட பிறகுதானே கை வைப்பீர்கள். இதற்கும் அளவு வேண்டும்.

---

கணக்கர் | செவ்வாய், காலை 6:50

ஊசிநூல் அம்மா சொன்னதை முழுமனதாக ஏற்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எந்த மார்க்கெட்டிங் என்று தெரியாமல் நேரம் ஒதுக்கினால் அந்த நேரமும் வீண்.

நான் சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். வருகிறவர்களிடம் வரவு செலவு மட்டும் கேட்பதில்லை, ஆர்டர் புத்தகத்தையும் எடுத்து வரச் சொல்வேன். கடைசி முப்பது ஆர்டரை எடுத்து ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விஷயம் எழுத வேண்டும். ஒன்று, இந்த ஆள் உங்களிடம் எப்படி வந்தார். இரண்டு, முதன்முதலில் எப்போது விசாரித்தார், எப்போது அட்வான்ஸ் கொடுத்தார்.

முதல் கேள்விக்கு விடை எழுதும்போது பலர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். எந்த வழிக்காக அதிகம் கவலைப்பட்டார்களோ அந்த வழியில் ஆளே வந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவதுதான் உங்களுக்கு முக்கியம். விசாரணைக்கும் அட்வான்ஸுக்கும் இடையில் இரண்டு மாதம் ஆகிறது என்று வையுங்கள். அப்படியானால் இன்றைக்குப் போன் அடிக்காததற்குக் காரணம் இன்றைக்கு இல்லை, இரண்டு மாதத்துக்கு முன்னால் இருக்கிறது. அப்போது நீங்கள் வேலையில் மூழ்கி யாரிடமும் பேசாமல் இருந்திருப்பீர்கள். ஓட்டமும் அமைதியும் மாறி மாறி வருவது விதியோ ராசியோ இல்லை, இந்த இடைவெளிதான். அமைதி வந்த பிறகு மார்க்கெட்டிங் செய்தால் பலன் அடுத்த ஓட்டத்தின் நடுவில் வந்து விழும், கை தாங்காது. கை நிறைய வேலை இருக்கும்போது கொஞ்சம் செய்தால்தான் இது சமனாகும்.

புத்தகத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

---

அச்சுக்கூடம் | செவ்வாய், மதியம் 1:20

என் அனுபவத்தையும் சொல்கிறேன், யாருக்காவது பணம் மிச்சமாகும். "எனக்கு நேரமில்லை, அதனால் ஆள் வைத்துவிடலாம்" என்று ஒரு நிறுவனத்திடம் ஆறு மாதம் ஒப்படைத்தேன். மாதம் இத்தனை பதிவு என்று ஒப்பந்தம். எண்ணிக்கை தவறாமல் போட்டார்கள். பொன்மொழிகள், வாழ்த்துகள், எங்கிருந்தோ எடுத்த அச்சு இயந்திரப் படங்கள். என் அச்சகத்தின் பெயரை மறைத்துவிட்டு எந்தக் கடையின் பெயரையும் ஒட்டலாம், அப்படி இருந்தது. ஆறு மாதத்தில் ஒருவர்கூட அதைப் பார்த்து வரவில்லை.

அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாடிக்கையாளர் என்னிடம் என்ன கேட்கிறார் என்பது எனக்குத்தான் தெரியும். "திரையில் பார்த்த நிறம் காகிதத்தில் ஏன் மங்கலாக வருகிறது?" வாரத்துக்கு நாலு பேராவது கேட்பார்கள். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, சிவப்பு பச்சை நீலம். காகிதத்தில் மையால் நிறம் வருகிறது, சயான் மெஜந்தா மஞ்சள் கறுப்பு. திரையில் பளிச்சிடும் சில நிறங்களை அந்த நாலு மையால் கொண்டுவரவே முடியாது. இதைக் கவுண்டரில் நின்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஒருநாள் அதையே, சொல்கிற மாதிரியே எழுதி, திரையையும் அச்சையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துப் போட்டேன். இன்றைக்கும் அதைக் காட்டி விசாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

படத்தை வெட்டித் திருத்துவது, நேரம் குறித்துப் போடுவது, இதையெல்லாம் பிறரிடம் கொடுங்கள். சொல்ல வேண்டியது உங்கள் வாயிலிருந்து வரட்டும்.

---

மரப்பட்டறை | புதன், இரவு 9:55

கணக்கர் சார் சொன்னபடி நேற்று இரவு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். முப்பது கிடைக்கவில்லை, இருபத்தாறு ஆர்டருக்குத்தான் சரியாக எழுதி வைத்திருக்கிறேன்.

பதினேழு பேர் யாரோ சொல்லி வந்தவர்கள். ஐந்து பேர் ஏற்கெனவே என்னிடம் செய்துகொண்டவர்கள். இரண்டு பேர் போர்டைப் பார்த்து உள்ளே வந்தவர்கள். இரண்டு பேர் எப்படி வந்தார்கள் என்று நினைவில்லை. நான் போடவில்லையே போடவில்லையே என்று இத்தனை வருஷம் என்னைத் திட்டிக்கொண்ட அந்த இன்ஸ்டாகிராம் பக்கத்திலிருந்து ஒருவரும் இல்லை. இதைப் பார்த்ததும் மனசில் ஒரு பாரம் இறங்கியது உண்மை.

இடைவெளியும் சார் சொன்ன மாதிரிதான். ஆறு வாரம் முதல் பத்து வாரம் வரை. ஒன்பது நாள் சும்மா இருந்தேனே, அதிலிருந்து பின்னால் எண்ணிப் பார்த்தால் ஒரு அலுவலகத்துக்கு மொத்தமாக மேசை செய்துகொண்டிருந்த நேரம். அப்போது வந்த விசாரணைக்குக்கூட "அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று சொன்னது ஞாபகம் வருகிறது. மூன்று பேரையாவது திரும்பக் கூப்பிடவே இல்லை.

அப்படியானால் நான் பேச வேண்டியது பழைய வாடிக்கையாளர்களிடம்தான் என்று புரிகிறது. அங்கேதான் எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு வருஷமாகப் பேசாதவரிடம் திடீரென்று போய், "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று எப்படிக் கேட்பது? வேலை இல்லாமல் அலைகிறான் என்று நினைக்க மாட்டார்களா?

---

ஊசிநூல் | புதன், இரவு 10:30

இப்போதுதான் உண்மையான கேள்விக்கு வந்திருக்கிறீர்கள். நேரமில்லை, மனசு வரவில்லை என்று நாம் சொல்வதற்கெல்லாம் அடியில் பாதி இந்தக் கூச்சம்தான் இருக்கிறது. கையால் வேலை செய்து பழகியவர்களுக்கு இது அதிகம். செய்த பொருளே பேச வேண்டும், நான் பேசினால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைக்கிறோம்.

நீங்கள் வேலை கேட்க வேண்டாம். செய்து கொடுத்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். எனக்கு மரம் பற்றி அதிகம் தெரியாது. ஒரு வருஷம் கழித்து அலமாரியில் என்னதான் ஆகும்? எதைப் போய்ப் பார்ப்பீர்கள்?

---

மரப்பட்டறை | புதன், இரவு 10:48

மரம் காற்றில் ஈரம் ஏறினால் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. அதனால் கதவு கொஞ்சம் உரசலாம், இழுப்பறை இறுகலாம். கீல் திருகு தளர்ந்தால் கதவு ஒரு பக்கம் தொங்கும். பெரும்பாலும் ஒரு திருகைத் திருப்பினால் சரியாகிவிடும். நிறைய பேர் அது தெரியாமல் கதவைத் தூக்கித் தூக்கி மூடிக்கொண்டிருப்பார்கள்.

---

ஊசிநூல் | புதன், இரவு 10:56

இதோ, செய்தியை நீங்களே எழுதிவிட்டீர்கள். நான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தருகிறேன்:

"வணக்கம் சார். போன வருஷம் உங்கள் வீட்டுக்கு அலமாரி செய்து கொடுத்தேன். ஒரு பருவம் மாறியிருக்கிறது, மரம் கொஞ்சம் அசைந்திருக்கும். கதவு சரியாக மூடுகிறதா? உரசினாலோ தொங்கினாலோ சொல்லுங்கள், அந்தப் பக்கம் வரும்போது பார்த்துக் கொடுக்கிறேன்."

இவ்வளவுதான். தள்ளுபடி வேண்டாம், புதுப் பொருளின் படம் வேண்டாம். இதைப் படிக்கிறவர் நீங்கள் அலைகிறீர்கள் என்று நினைப்பாரா? செய்தவன் இன்னும் நினைவில் வைத்திருக்கிறான் என்றுதான் நினைப்பார். ஒன்று மட்டும், போய்ப் பார்க்கிறேன் என்று எழுதினால் போக வேண்டும்.

ஒரே நாளில் ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள். ஐந்து போதும்.

---

சைக்கிள் ரிப்பேர் | வியாழன், காலை 7:30

அருமையான இழை. செய்தி தயார், ஆனால் அதை அனுப்புகிற நேரம் எது என்பது இன்னும் முடிவாகவில்லையே.

"வாரத்தில் எப்போதாவது ஒரு மணி நேரம்" என்று முடிவெடுத்தால் அந்த வாரம் வராது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து ஆராய்ந்த விஷயம் இது. "இதைச் செய்வேன்" என்பதோடு நிறுத்தாமல், "இன்னது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று நேரத்தையும் இடத்தையும் கட்டிவைத்தவர்கள் அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள். நான் கட்டிவைத்தது இப்படி: சைக்கிளைக் கொடுத்துப் பணம் வாங்கியதும், ஸ்பேனரை ஆணியில் மாட்டுவதற்கு முன்னால், ஒரு படம் எடுத்து அன்றைய வேலையைப் பற்றி இரண்டு வரி எழுதிவைப்பேன். செயின் எவ்வளவு தேய்ந்திருந்தது, அடுத்து எப்போது மாற்ற வேண்டும். அதை வாடிக்கையாளருக்கே அனுப்பிவிடுவேன். அவர் அதைப் பிறருக்குக் காட்டுகிறார். எனக்கு விளம்பரமும் அதுதான், வேலைக் குறிப்பும் அதுதான். தனி நேரம் என்று ஒன்று தேவைப்படவே இல்லை.

அப்புறம், இருபத்தொரு நாளில் பழக்கமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பி ஏமாறாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் கூட இருந்தவர்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010ல் அச்சில் வந்தது. தண்ணீர் குடிப்பது, நடப்பது மாதிரி சின்னச் சின்னப் பழக்கங்கள்தான். அது தானாக வரும் நிலைக்கு நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை. எனக்குப் பெரிய ஆறுதல் தந்தது அதில் வேறொன்று: நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. நான் முன்பெல்லாம் ஒருநாள் தவறினால் போச்சு என்று மொத்தமாக விட்டுவிடுவேன்.

வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருந்தால் பழைய வாடிக்கையாளர்களுக்கு லேபிள் போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள், தேட வேண்டியிருக்காது. பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கு ஒன்றாக அனுப்புகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச்சேரும். எல்லோருக்கும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

---

நிழற்படம் | வியாழன், மாலை 5:10

எல்லோரும் இன்ஸ்டாகிராமை ஒதுக்கி வைக்கிற மாதிரி தெரிகிறது, அதனால் எழுதுகிறேன். நான் புகைப்படக்காரன். மூன்று வருஷமாக வாரம் மூன்று பதிவு, தவறியதில்லை. எனக்கு வருகிற வேலையில் பாதிக்கு மேல் அதிலிருந்துதான். என்னைத் தேடுகிறவர் முதலில் படத்தைத்தான் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. அதனால் மரப்பட்டறை அண்ணாவுக்குச் சரியாக இருப்பது எல்லோருக்கும் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எப்படி முடிகிறது என்றால், மாதத்தில் ஒருநாள் காலை மட்டும் உட்கார்ந்து பன்னிரண்டு பதிவையும் எழுதி, எந்தத் தேதியில் போக வேண்டும் என்று குறித்துவிடுவேன். இன்ஸ்டாகிராம் நிறுவனமே தருகிற மெட்டா பிசினஸ் சூட் என்ற செயலியில் இதற்குக் கட்டணம் கிடையாது. தினமும் "இன்றைக்கு என்ன போடலாம்" என்று யோசிப்பதுதான் ஆளைச் சோர்வாக்குகிறது, போடுவது இல்லை.

---

கணக்கர் | வியாழன், இரவு 8:00

நிழற்படம் சொல்வது முற்றிலும் சரி. அவர் ஆர்டர் புத்தகம் அப்படிச் சொல்கிறது, அவர் அதன்படி நடக்கிறார்.

---

புதுவரவு | வெள்ளி, காலை 11:45

நான் மொழிபெயர்ப்பு வேலை தொடங்கி நாலு மாதம்தான் ஆகிறது. பழைய வாடிக்கையாளர் என்று சொல்ல இரண்டே பேர். என்னைப் போன்றவர்கள் யாருக்குச் செய்தி அனுப்புவது? நெருங்கிய நண்பர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். யாரிடமிருந்தும் எதுவும் வரவில்லை, மனசு விட்டுப்போகிறது.

---

கணக்கர் | வெள்ளி, மதியம் 12:30

மனசை விடாதீர்கள். நெருங்கியவர்களிடமிருந்து வராதது இயல்புதான். அவர்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் உங்களுக்கும் தெரிந்தவர்கள், புதுக்கதவு எப்படித் திறக்கும்?

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பாஸ்டன் அருகே, வேலை மாறியவர்களில் தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் கிடைத்தது 16.7 சதவீதம். எப்போதாவது பார்ப்பவர் மூலம் 55.6 சதவீதம். அரிதாகப் பார்ப்பவர் மூலம் 27.8 சதவீதம். அது வேலை தேடுவதைப் பற்றிய ஆய்வு, தொழிலைப் பற்றியது இல்லை. ஆனால் எனக்கு வந்த வாடிக்கையாளர்களைப் பார்த்தால் இதே கதைதான்.

முன்பு வேலை செய்த இடத்தில் பக்கத்துப் பிரிவில் இருந்தவர், ஒரு பயிற்சியில் சந்தித்தவர், அப்படிப் பத்துப் பேரை எழுதுங்கள். உங்கள் வேலைக்கு முன்னும் பின்னும் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அச்சகம், பதிப்பகம், வழக்கறிஞர் அலுவலகம். மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறவர் உங்களிடம் வருவதற்கு முன் அவர்களிடம்தான் போய் நிற்பார்.

---

அச்சுக்கூடம் | வெள்ளி, மதியம் 2:05

புதுவரவு, எங்களிடம் இரண்டு மொழியில் கையேடு அச்சடிக்க வருகிறவர்கள் மொழிபெயர்க்க ஆள் இருக்கிறாரா என்று கேட்பதுண்டு. எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்குச் செய்கிறீர்கள், என்ன மாதிரி வேலை என்று தனிச்செய்தியில் எழுதுங்கள். ஒரு பக்க மாதிரியும் சேர்த்து.

---

மரப்பட்டறை | ஏழு வாரம் கழித்து, புதன், காலை 8:20

இழையை மறுபடி மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். உதவி செய்தவர்களிடம் என்ன ஆனது என்று சொல்லாமல் இருப்பது முறையில்லை.

புதன் காலை, ரம்பத்தைப் போடுவதற்கு முன்னால், ஐந்து செய்தி. இதுதான் என் அளவு. சைக்கிள் ரிப்பேர் நண்பர் சொன்னபடி எதோடாவது கட்டிவைக்க வேண்டுமே, நான் ரம்பத்தின் சுவிட்சோடு கட்டினேன். அனுப்பாமல் சுவிட்சைத் தொடுவதில்லை. ஏழில் இரண்டு வாரம் விட்டுப்போனது. ஒன்று காய்ச்சல், இன்னொன்று ஒரு டெலிவரி அவசரம். முன்பானால் அதோடு போயிருக்கும்.

முதல் வாரம் செய்தியைத் தட்டிவிட்டு அனுப்பும் பட்டனை அழுத்த எனக்குக் கால் மணி நேரம் ஆனது. ஐவரில் இருவர் பதிலே போடவில்லை. இருவர் "நன்றாக இருக்கிறது, விசாரித்ததற்கு நன்றி" என்றார்கள். ஐந்தாவது ஒரு அம்மா. கதவு ஆறு மாதமாகத் தொங்குகிறதாம், சொல்லிக் கூப்பிடச் சங்கடப்பட்டுக்கொண்டு இருந்தாராம். அவருக்கும் அதே கூச்சம்!

போனேன். மேல் கீலில் இரண்டு திருகு தளர்ந்து துளை பெரிதாகியிருந்தது. சின்னக் குச்சியில் பசை தடவித் துளையில் இறக்கி, காயவிட்டு, திருகைத் திரும்பப் போட்டேன். காய்கிற வரை பேசிக்கொண்டிருந்தோம். அவர் மகன் வேறு வீட்டுக்குக் குடிபோகிறானாம், படிப்பறைக்கு மேசையும் அடுக்கும் வேண்டுமாம். அவராகத்தான் சொன்னார், நான் கேட்கவில்லை. நேற்று அட்வான்ஸ் வந்துவிட்டது.

"அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று சொல்லி விட்டுவிட்ட மூன்று பேரையும் கூப்பிட்டேன். இருவர் வேறு இடத்தில் செய்துகொண்டுவிட்டார்கள். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். மூன்றாமவர் இன்னும் யோசிக்கிறார்.

இப்போது கையில் வேலை நிறைய இருக்கிறது. ஆனாலும் இன்று ஐந்தும் அனுப்பிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இதன் பலன் எட்டு வாரம் கழித்துத்தான் தெரியும் என்று இப்போது புரிகிறது, அதனால் அவசரப்படவில்லை.

ஒரு சந்தேகம். அந்த அம்மா கூகுளில் நல்லபடியாக எழுதுகிறேன் என்று சொன்னார். எழுதுகிறவர்களுக்கு அடுத்த ஆர்டரில் ஏதாவது கழித்துக் கொடுக்கலாமா?

---

கணக்கர் | புதன், காலை 9:05

ரொம்ப மகிழ்ச்சி. கழித்துக் கொடுக்க வேண்டாம். மதிப்புரைக்குப் பணமோ தள்ளுபடியோ கொடுப்பது கூகுளின் விதிக்கு விரோதம், மதிப்புரையை நீக்கிவிடுவார்கள். உங்கள் பிசினஸ் ப்ரொஃபைலில் மதிப்புரை கேட்பதற்கு ஒரு லிங்க் இருக்கும், அதை மட்டும் அனுப்புங்கள். கதவு எப்படித் தொங்கியது, என்ன செய்து சரியாக்கினீர்கள் என்று அவர் மனசில் பட்டதை எழுதட்டும்.

---

ஊசிநூல் | புதன், காலை 9:20

தம்பி, படித்து முடித்ததும் கண் கலங்கிவிட்டது. அந்த நாற்பது படம் என்ன ஆனது?

---

மரப்பட்டறை | புதன், காலை 9:31

அக்கா, புத்தக அடுக்கு வாங்கியவருக்கே மூன்றை அனுப்பினேன். அவர் நண்பர்கள் குழுவில் போட்டிருக்கிறார், இரண்டு பேர் அளவு கேட்டிருக்கிறார்கள். தம்பி வந்துவிட்டான், ரம்பத்தைப் போடப் போகிறேன். மாலையில் வருகிறேன்.